ஆறு நூலகம், ஆறு பெட்டி: டிவிடி இரவல் தொகுப்பைக் கூட்டாகச் சுற்றவிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கத்துப் பக்கத்து நூலகங்கள் தங்கள் டிவிடிகளை ஒன்றாகச் சேர்த்து, பெட்டிகளாகப் பிரித்து, முறை வைத்து மாற்றிக்கொள்வதைப் பற்றி நூலகர்களும் வாசகர் வட்டத்தினரும் கேட்கும் கேள்விகள் இவை. கணக்கு தெளிவாகத் தெரிவதற்காக சேலம் மாவட்டத்தின் சேலம், ஓமலூர், மேட்டூர், சங்ககிரி, ஆத்தூர், ஏற்காடு என்று ஆறு ஊர்களை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம். உங்கள் ஊர்கள் வேறாக இருந்தால் பெயரை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் செல்போனில் படம் பார்க்கும் காலத்தில் டிவிடி எதற்கு?

இணையத் தளங்களில் ஒரு படம் இருப்பது ஒப்பந்தம் இருக்கும் வரைதான். இன்று இருப்பது அடுத்த மாதம் இருக்காது. பழைய தமிழ்ப் படங்கள், ஆவணப்படங்கள், குழந்தைகளுக்கான படங்கள், வேளாண்மை, யோகா, இசை கற்பிக்கும் படங்கள் என்று எத்தனையோ இன்னும் தகட்டில் மட்டும்தான் நல்ல நிலையில் கிடைக்கின்றன. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் சரிவுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஊர்களில் இரண்டு மணி நேரப் படம் தடங்கல் இல்லாமல் ஓடும் அளவுக்கு சிக்னல் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. மாதாமாதம் சந்தா கட்ட முடியாத வீடுகளும் உண்டு. நூலகம் இருப்பதே அவர்களுக்காகத்தான்.

ஒவ்வொரு நூலகமும் தன் டிவிடியைத் தானே வைத்துக்கொண்டால் என்ன?

நாற்பது டிவிடி உள்ள சிறு நூலகத்தில், தவறாமல் வரும் உறுப்பினர் இரண்டு மூன்று மாதத்தில் தனக்குப் பிடித்ததை எல்லாம் பார்த்துவிடுவார். பிறகு அந்த அலமாரி பக்கம் திரும்ப மாட்டார். அதே நாற்பதை ஆறு நூலகமும் சுற்றுக்குக் கொடுத்தால் மொத்தம் 240. இரண்டு மாதத்துக்கு ஒரு பெட்டி வீதம் ஒரே வருடத்தில் அந்த 240-ம் எல்லா ஊர் வாசகர்களிடமும் போய்ச் சேரும். புதிதாக ஒரு தகடுகூட வாங்காமலே இது நடக்கும்.

நூலகம் டிவிடியை இரவல் கொடுப்பது சட்டப்படி சரியா?

சரிதான், மூன்று நிபந்தனைகளோடு. பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, படத்தின் பிரதியை வணிக வாடகைக்கு விடும் உரிமை உரிமையாளருக்கு மட்டுமே உண்டு. ஆனால் 2012-ல் செய்த திருத்தம் ‘வணிக வாடகை’ என்பதற்குள் எது வராது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது: லாப நோக்கமற்ற நூலகம், முறையாகப் பெற்ற பிரதியை, லாப நோக்கம் இல்லாமல் இரவல் கொடுப்பது அதில் சேராது. லாப நோக்கமற்ற நூலகம் என்றால் அரசின் நிதி உதவி பெறுவது, அல்லது வருமான வரி விலக்குப் பெற்றது என்று விளக்கமும் அங்கேயே இருக்கிறது.

1948-ம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்கீழ், சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியோடு நடக்கும் நம் பொது நூலகங்களுக்கு இதில் சிக்கல் இல்லை. வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை நூலகமும் சேரலாம். பதிவே செய்யாத தெரு மன்றம் ஒன்று ஆர்வத்தோடு பெட்டியைக் கேட்டால், மனம் கனத்தாலும் மறுத்துவிடுங்கள். அவர்கள் பக்கத்திலுள்ள கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்து எடுத்துப் பார்க்கட்டும்.

தகட்டுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்காதீர்கள். தாமதக் கட்டணம் வேறு, வாடகை வேறு. ரசீதில் எழுதும்போதும் அந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

சுற்று எப்படி நடக்கிறது? பெட்டிகளுக்கு எப்படிப் பெயர் வைப்பது?

ஆறு பெட்டிகளுக்கு அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று எழுத்துப் பெயர் போதும். ‘நகைச்சுவைப் பெட்டி’, ‘பக்திப் பெட்டி’ என்று வகை வைத்துப் பிரிக்காதீர்கள். பக்திப் பெட்டி வந்த ஊருக்கு இரண்டு மாதமும் வேறெதுவும் கிடைக்காது. ஒவ்வொரு பெட்டியிலும் எல்லா வகையும் கலந்திருக்க வேண்டும்: பாதி தமிழ்த் திரைப்படம், பத்து குழந்தைகளுக்கானவை, மீதி ஆவணப்படம், பிறமொழி, கற்பிக்கும் படங்கள் என்று வைத்தால் பெரும்பாலான ஊர்களுக்குப் பொருந்தும்.

மாற்றும் மாதங்கள் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர். அ பெட்டி பிப்ரவரியில் சேலம், ஏப்ரலில் ஓமலூர், ஜூனில் மேட்டூர், ஆகஸ்டில் சங்ககிரி, அக்டோபரில் ஆத்தூர், டிசம்பரில் ஏற்காடு, அடுத்த பிப்ரவரியில் மீண்டும் சேலம். மற்ற ஐந்தும் அதே வரிசையில் ஒவ்வோர் ஊர் தள்ளித் தொடங்கும். மே மாதத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். கோடை விழா நேரத்தில் ஏற்காடு மலைப்பாதை வண்டிகளால் நிரம்பிவிடும், கையில் பெட்டியோடு பேருந்தில் இடம் பிடிப்பது பெரும்பாடு.

ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நேராக அனுப்புவதைவிட, எல்லாரும் ஒரே நாளில் சேலத்துக்குக் கொண்டுவந்து அங்கேயே கைமாற்றிக்கொள்வது நல்லது. ஆத்தூரிலிருந்து ஏற்காட்டுக்குப் போனாலும் சேலத்தில்தான் பேருந்து மாற வேண்டும். வந்தவர் தன் பெட்டியைக் கொடுத்து, அடுத்த பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம். ஒரே பயணத்தில் இரண்டு வேலையும் முடியும்.

இரண்டு மாதம் ஏன்? ஒரு மாதம் வைத்தால் புதிது புதிதாக வருமே?

ஒரு மாதச் சுற்றில் பாதி நாள் எண்ணுவதிலேயே போய்விடும். இரவல் ஏழு நாள். பெட்டி கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே கொடுப்பதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் தகடுகள் வீடுகளில் மாட்டிக்கொள்ளும். ஆக, ஒரு மாதத்தில் உருப்படியாகக் கொடுக்கக்கூடிய நாட்கள் இருபதுதான். இரண்டு மாதம் என்றால் ஐம்பது நாள் கிடைக்கும். மூன்று மாதமாக்கினால் முழுச் சுற்று முடிய ஒன்றரை வருடம் ஆகும், கடைசி மாதம் அலமாரியைத் தொட ஆள் இருக்காது.

பெட்டிக்கு நாற்பது என்பது என்ன கணக்கு?

தூக்கும் கணக்கு. சாதாரண டிவிடி டப்பா 19 செ.மீ. உயரம், 13.5 செ.மீ. அகலம், 14 மி.மீ. கனம். இருபதை நிற்கவைத்தால் 28 செ.மீ. நீளம். இரண்டு வரிசை பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 27 செ.மீ. அகலம். உள்ளளவு 32-க்கு 28, உயரம் 20 செ.மீ. உள்ள மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டி போதும். தகடோடு ஒரு டப்பா 100 கிராம் சுமார் என்று வைத்தால் நாற்பதும் நான்கு கிலோ, பெட்டியோடு ஐந்து. ஒரே ஆள் மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வரலாம். அறுபது வைத்தால் அந்தப் பெட்டி இருக்கைக்கு அடியிலோ கூரைமேலோ போகும், அங்கேதான் டப்பா நொறுங்கும்.

மிச்சமுள்ள 4 செ.மீ. இடைவெளியில் மடித்த பழைய துணியைச் செருகுங்கள். டப்பாக்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் நிற்க வேண்டும்.

எண்ணும் பார்கோடும் எங்கே ஒட்டுவது?

தகட்டின்மேல் ஒட்டவே கூடாது. வேகமாகச் சுற்றும் தகட்டில் ஒரு பக்கம் மட்டும் காகிதம் இருந்தால் எடை சமமில்லாமல் அதிரும், சூட்டில் பசை இளகினால் பிளேயருக்குள்ளேயே உரிந்து மாட்டிக்கொள்ளும். நடுத்துளையைச் சுற்றி ஒளிபுகும் வளையம் ஒன்று இருக்கிறது அல்லவா, அதில் தகடுகளுக்கென்று விற்கும் நீர் மை மார்க்கரால் பெட்டி எழுத்தும் எண்ணும் எழுதுங்கள்: ‘இ 27’. பால்பாயிண்ட் பேனா வேண்டாம், முனை அழுந்தும்.

பார்கோடு டப்பாவின் பின்புறம், ஒளிபுகும் பிளாஸ்டிக்குக்கு உள்ளே, அட்டைமேல். வெளியே ஒட்டினால் பொழுதுபோகாத கைகள் சுரண்டும். முதுகில் ‘இ 27’ என்று பெரிதாக இருக்கட்டும். விசிடி என்றால் ஒரு படத்துக்கு இரண்டு மூன்று தகடு வரும். முதுகிலேயே ‘3 தகடு’ என்று எழுதிவிடுங்கள். வாங்கும்போது திறந்து எண்ண வேண்டும் என்பதை அந்த எழுத்து நினைவூட்டும்.

ஒரே தகட்டில் மூன்று படம் இருக்கிறது. எப்படிப் பதிவது?

பதிவேட்டில் ஒரே சேர்க்கை எண்தான், தகடு ஒன்றுதானே. ஆனால் அட்டவணையில் மூன்று படத்தின் பெயரும் தனித்தனியாகத் தேடினால் கிடைக்க வேண்டும். தணிக்கைச் சான்று மூன்றுக்கும் வேறுவேறாக இருக்கலாம், அவற்றில் கடுமையானதையே தகட்டுக்குப் போடுங்கள். இரண்டு ‘யு’ படத்தோடு ஒரு ‘ஏ’ படம் இருந்தால் அந்தத் தகடு ‘ஏ’ தகடுதான்.

கோஹா மென்பொருளில் சுற்றுத் தொகுப்பை எப்படி அமைப்பது?

நூலகங்களுக்கான மென்பொருளான கோஹாவில் ‘ரொட்டேட்டிங் கலெக்‌ஷன்ஸ்’ என்று இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. பெட்டிக்கு ஒரு தொகுப்பு வீதம் ஆறு உருவாக்கி, பார்கோடுகளைச் சேருங்கள். மாற்றும் நாளில் முழுத் தொகுப்பையும் ஒரே கட்டளையில் அடுத்த நூலகத்துக்கு மாற்றிவிடலாம். தவறான ஊரில் ஒரு தகடு திரும்பி வந்தால் திரையிலேயே எச்சரிக்கை வரும்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மேட்டூருக்குச் சொந்தமான தகட்டை ஆத்தூரில் திருப்பிப் போட்டதும், ‘மேட்டூருக்கு அனுப்பு’ என்று மென்பொருள் சொல்லும். பணியாளரும் அதைக் கேட்டுத் தகட்டைத் தனியே எடுத்து வைப்பார். இரண்டு வாரத்தில் பெட்டி பாதியாகிவிடும். இதைத் தடுக்க, சிஸ்டம் விருப்பங்களில் ‘ஆட்டோமேட்டிக் ஐட்டம் ரிட்டர்ன்’ என்பதைத் தானாகச் சொந்த நூலகத்துக்கு அனுப்பாதபடி மாற்றி வையுங்கள். அதை மாற்றாமல் சுற்றுத் தொகுப்பு ஒழுங்காக வேலை செய்யாது.

இரவல் விதிகளில் ‘ஹார்டு டியூ டேட்’ என்ற இடத்தில், பெட்டி கிளம்பும் தேதிக்கு மூன்று நாள் முந்தைய தேதியைப் போடுங்கள். இரவல் கொடுக்கும் கடைசி வாரத்தில் யார் எடுத்தாலும் திருப்பும் தேதி அதைத் தாண்டாது.

மார்க் எனப்படும் கணினி அட்டவணைப் பதிவில் 538-ம் புலத்தில் தகட்டின் வகையும், எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று காட்டும் மண்டல எண்ணும், 546-ல் மொழியும் துணைத்தலைப்பும், 521-ல் தணிக்கைச் சான்றும் எழுதுங்கள். துணைத்தலைப்பு இருக்கிறதா என்று காது கேளாத வாசகர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு அது முக்கியமான விவரம், விட்டுவிடாதீர்கள்.

கணினி இல்லாத சிறு நூலகம் சேர முடியுமா?

தாராளமாக. பெட்டிக்கு ஒரு நோட்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு தகடு, நாற்பது பக்கம். உறுப்பினர் எண், கொடுத்த தேதி, திரும்பிய தேதி, குறை ஏதும் இருந்தால் ஒரு வரி. நோட்டு பெட்டியோடே பயணிக்கட்டும். மேட்டூரில் ‘45-வது நிமிடத்தில் நிற்கிறது’ என்று எழுதியதை சங்ககிரியில் படிப்பார்கள். மென்பொருள் உள்ள இடத்திலும் இந்த நோட்டை விடாதீர்கள் என்றுதான் சொல்வோம்.

திருட்டுக்குப் பயந்து, காலி டப்பாவை அலமாரியில் வைத்துத் தகட்டைக் கவுண்டருக்குப் பின்னால் வைக்கலாமா?

நிலையான தொகுப்புக்கு அது நல்ல ஏற்பாடு. சுற்றுப் பெட்டிக்கு அதைப்போலக் கெடுதல் வேறில்லை. இந்த வகைச் சுற்றுகளில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு, டப்பா ஊரைவிட்டுப் போய்விடும், தகடு பழைய ஊர் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடும் என்பதுதான். அடுத்த ஊரில் வாசகர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்த பிறகுதான் காலி என்று தெரியும். தொலைத்தது அவரா, முன்னால் இருந்த நூலகமா என்று அப்போது நிரூபிக்க முடியாது.

தகடு எப்போதும் தன் டப்பாவுக்குள் இருக்கட்டும். அலமாரியைக் கவுண்டர் பார்வையில் வையுங்கள். அதற்கும் இடமில்லை என்றால், முன்னட்டையின் நகலை ஓர் ஆல்பத்தில் போட்டு வாசகர்களிடம் கொடுங்கள், டப்பாக்கள் கவுண்டருக்கு உள்ளே இருக்கட்டும்.

மாற்றும் நாளில் என்னென்ன செய்ய வேண்டும்?

முந்தின நாளே தொடங்குங்கள். நாற்பது டப்பாவையும் மேசையில் எண் வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொன்றையும் திறந்து, டப்பா எண்ணும் தகட்டு எண்ணும் ஒன்றா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் படிக்க, இன்னொருவர் பட்டியலில் குறிக்க, இரண்டு பேருக்கு முக்கால் மணி நேர வேலை. ஒருவரே செய்தால் கண் தானாகவே ‘சரி’ சொல்லிவிடும். பார்கோடை மட்டும் ஸ்கேன் செய்து முடிப்பது எண்ணிக்கை ஆகாது, பார்கோடு டப்பாவில்தானே இருக்கிறது.

எண்ணும்போதே டப்பாவைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று சத்தம் கேட்டால் தகட்டைப் பிடிக்கும் நடுப்பல் உடைந்திருக்கிறது. அந்தத் தகடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் டப்பாவுக்குள்ளேயே சுழன்று தேய்ந்துவிடும். டப்பாவை உடனே மாற்றுங்கள். பெட்டிக்கு மூன்று காலி டப்பா உபரியாக வைத்துக்கொண்டால் போதும்.

திரும்பாத தகடுகளின் எண்ணைப் பட்டியலில் சிவப்பில் எழுதி, அந்த உறுப்பினரின் பெயரை எழுதாமல் ‘இரவலில்’ என்று மட்டும் குறியுங்கள். பட்டியல் மூன்று பிரதி: ஒன்று பெட்டிக்குள், ஒன்று அனுப்பும் நூலகத்தில், ஒன்று சேலத்தில். பெறுபவர் பெட்டியைத் திறந்து எண்ணி 48 மணி நேரத்துக்குள் குறை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு தெரியும் குறை பெற்றவர் பொறுப்பு. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் நூலகர்களுக்குள் மனக்கசப்பு வராமல் காப்பது இந்த ஒரு விதிதான்.

நாட்கடந்து திரும்பி வந்த தகட்டைத் தனியாகத் தபாலில் துரத்தி அனுப்ப வேண்டாம். அடுத்த மாற்று நாளில் சேலத்துக்குக் கொண்டுவந்து அதன் பெட்டியில் சேருங்கள்.

ஆத்தூர் வாசகர் ஏற்காட்டில் இருக்கும் தகட்டை முன்பதிவு செய்யலாமா?

முதல் வருடம் வேண்டாம். ஒரு தகடு தனியே கிளம்பினால் பெட்டி கலையத் தொடங்கும். முழுப் பட்டியலையும் அச்சிட்டு எல்லா நூலகத்திலும் தொங்கவிடுங்கள், எந்தப் பெட்டி எப்போது வரும் என்று வாசகரே பார்த்துக்கொள்ளலாம். வரப்போகும் பெட்டிக்கு மட்டும் பெயர் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

‘எங்கே திரும்புகிறதோ அங்கேயே தங்கட்டும்’ என்று மிதக்கவிடும் முறையும் கோஹாவில் உண்டு. இந்த மாவட்டத்தில் அப்படிச் செய்தால் வேலைக்கும் படிப்புக்கும் எல்லாரும் வந்துபோகும் சேலத்திலேயே தகடுகள் குவியும், மலை நூலகம் காலியாகும்.

ஏற்காட்டில் மழைக்காலத்தில் என்ன கவனம் வேண்டும்?

கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், மழையும் மூடுபனியும் மாதக்கணக்கில். ஈரம் டப்பாவின் அட்டையில் முதலில் தெரியும், சாம்பல் புள்ளிகளாகப் பூஞ்சை. தகட்டுக்கு ஏற்ற ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம். அறையை அந்த அளவுக்குக் கொண்டுவர முடியாது, மூடிய அலமாரியையோ பெட்டியையோ கொண்டுவரலாம். 50 கிராம் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு ஒரு பெட்டிக்குப் போதும். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும் வகையை வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, குழந்தைகள் புழங்கும் இடத்துக்கு ஆகாது. பச்சையானதும் சமையலுக்குப் புழங்காத வாணலியில் மிகச் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் மீண்டும் ஆரஞ்சுக்குத் திரும்பும்.

சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம், நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

பலருக்குத் தோன்றாத ஒன்று, பெட்டி இறங்கும்போது நடப்பது. மலையில் விடியற்காலைக் குளிரில் கட்டிய பெட்டியை சேலத்தில் புழுக்கத்தில் உடனே திறந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளர் வேர்ப்பதுபோல் தகடு முழுக்க முத்து முத்தாக வேர்க்கும். அந்த ஈரத்தோடு பிளேயரில் போட்டால் படம் வராது, துடைத்தால் தூசியும் சேர்ந்து கீறும். இரண்டு மூன்று மணி நேரம் மூடியபடியே வைத்திருந்து பிறகு திறந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

டிசம்பர் மாற்றத்துக்கு ஒரு வாரம் விட்டுக்கொடுத்துத் தேதி வையுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது. அப்படிப்பட்ட நாளில் குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போயாவது பெட்டியைச் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஏற்காட்டின் பெட்டி அங்கேயே ஒரு வாரம் கூடுதலாக இருக்கட்டும்.

படம் பாதியில் நிற்கிறது. தகடு கெட்டதா, பிளேயர் கெட்டதா?

முதலில் வேறு பிளேயரில் போடுங்கள். அதிலும் அதே இடத்தில் நின்றால் தகடு.

தகட்டை உள்ளிருந்து வெளிப்பக்கமாகத்தான் கருவி படிக்கிறது. அதனால் ஒற்றை அடுக்குத் தகட்டில் படத்தின் கடைசிப் பகுதி தடுமாறினால், விரல்பட்ட வெளி ஓரத்தில் அழுக்கு இருக்கும். 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்குத் தகட்டில் பெரும்பாலும் முதல் அடுக்கு உள்ளிருந்து வெளியே, இரண்டாவது வெளியிலிருந்து உள்ளே என்று ஓடும். ஆகவே அதில் வெளி ஓரத்து அழுக்கு படத்தின் நடுவில் வேலையைக் காட்டும். அடுக்கு மாறும் இடத்தில் ஒரு நொடி நிற்பது மட்டும் குறையல்ல. ‘இடைவேளைக்குக் கிட்டத்தில் ஒரு தரம் நின்று ஓடியது’ என்று புகார் வந்தால் அதுவாகத்தான் இருக்கும்.

துடைப்பதற்கு மென்மையான மைக்ரோஃபைபர் துணி, காய்ச்சி வடித்த நீர் சில சொட்டு. எண்ணெய்க் கறை போகாவிட்டால் ஐசோபுரப்பைல் ஆல்கஹால். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகக் கூடாது. தரவு வட்டப் பாதையில் இருக்கிறது. குறுக்கே விழும் கீறலைக் கருவி சமாளித்துவிடும், பாதையோடு ஓடும் கீறலில் தொலைந்துபோகும். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் தொடக் கூடாது. பற்பசை தேய்க்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

கீறல் ஆழமாக இருந்தால் மெருகேற்றும் கருவியில் போடலாம், டிவிடியில் தரவு 0.6 மி.மீ. ஆழத்தில் நடுவே இருப்பதால் மேல் தோல் கொஞ்சம் தேயலாம். புளூ-ரே தகட்டில் அது 0.1 மி.மீ. ஆழத்திலேயே இருக்கிறது, மெருகேற்றினால் தகடு போய்விடும். நடுத்துளை ஓரத்தில் மயிரிழை விரிசல் கண்டால் யோசிக்காமல் நீக்குங்கள். வேகமாகச் சுற்றும்போது உள்ளேயே சிதறி வாசகரின் பிளேயரைக் கெடுக்கும்.

தொலைத்தால் என்ன வாங்குவது?

அதே படத்தின் முறையான பிரதி கிடைத்தால் அது. தமிழ் டிவிடி பல இப்போது அச்சில் இல்லை என்பதால், அதே வகையில் இன்னொரு படத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பணம் மட்டும் வாங்கி வைத்தால் மாற்றுத் தகடு வாங்கப்படாமலே போய், பெட்டி மெலிந்துகொண்டே வரும். எந்த ஊரில் தொலைந்ததோ அந்த நூலகமே மாற்று தர வேண்டும், தகடு யாருடையதாக இருந்தாலும்.

நன்கொடையாக வரும் தகடுகளை வாங்கலாமா?

பார்த்து வாங்குங்கள். அடிப்பக்கம் வெள்ளியாக இருந்தால் ஆலையில் அச்சிட்டது, ஊதாவோ நீலமோ ஆக இருந்தால் பெரும்பாலும் வீட்டில் எரித்தது. வெள்ளியாக இருந்தாலே நல்லது என்றும் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவுப்படி உறைமேல் தணிக்கைச் சான்றின் நகல், வீடியோவாகத் தயாரித்தவர் பெயரும் முகவரியும், பதிப்புரிமை உரிமையாளர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இவை இல்லாததைப் பெட்டியில் சேர்க்காதீர்கள்.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்ததில் மண்டல எண் பாருங்கள். இந்தியா 5. அமெரிக்கா 1, வளைகுடாவும் பிரிட்டனும் 2, சிங்கப்பூர் 3. சுழியம் என்றால் எங்கும் ஓடும். கணினி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், அந்த ஐந்தை நன்கொடைத் தகடுகளுக்காகச் செலவழிக்காதீர்கள்.

‘ஏ’ சான்றுப் படங்களைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், 18 வயது நிரம்பியவர் அட்டைக்கு மட்டும். ‘யு/ஏ’ வகையை 2024 முதல் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள், அந்த எண் இருந்தால் முதுகிலேயே எழுதுங்கள். பெற்றோர் தேர்ந்தெடுக்க உதவும்.

வாசகர் வட்டக் கூட்டத்தில் பெட்டியிலுள்ள படத்தைத் திரையிடலாமா?

கூடாது. இரவலுக்குள்ள விலக்கு திரையிடலுக்கு இல்லை, கட்டணம் வாங்காவிட்டாலும்தான். உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கல்வி நிலையத்தில் மாணவர், பணியாளர், பெற்றோர் மட்டும் பார்க்கும்படி காட்டுவதற்குச் சட்டத்தில் தனி இடம் உண்டு. பள்ளி தன் வளாகத்தில் அதைப் பயன்படுத்தலாம், நூலகம் முடியாது.

பத்திரத்துக்காக ஒரு நகல் எடுத்துக்கொண்டு அதைச் சுற்றில் விடலாமா?

டிவிடிக்கு அது செல்லாது. டிஜிட்டல் வடிவில் இல்லாத பிரதி கையில் இருந்தால், பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமிக்கவே நூலகத்துக்கு அனுமதி. பழைய விஎச்எஸ் கேசட்டுக்கு அது பொருந்தும். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் மட்டும் கருவியில் போடாதீர்கள், நாடாவைப் படிக்கும் கருவித் தலை முழுக்க ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

சேலத்துக்கென்று ஒரு பெட்டி தனியாக வைக்கலாமா?

அவசியம் வையுங்கள், சுற்றுக்கு வெளியே ஏழாவது பெட்டியாக. ஏற்காடு சாலையில் நுழைவாயில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும், டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தில் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் உருவாயின. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938-ல் அந்த நிறுவனம் எடுத்ததுதான். தமிழின் முதல் வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல் வந்ததும் அங்கிருந்துதான். இந்த ஊர்ப் பிள்ளைகள் இவற்றை இந்த ஊர் நூலகத்தில் எடுத்துப் பார்க்க முடிய வேண்டும்.

படத்துக்கான பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. 1956 படத்துக்கு 2016 டிசம்பரோடு முடிந்தது. ஆனால் பாட்டு, வசனம், கதை எழுதியவருக்கு அவர் மறைந்து 60 ஆண்டு வரை தனி உரிமை உண்டு. படம் பழையது என்பதற்காக எல்லாம் பொதுவாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

வீட்டில் பிளேயர் இல்லை என்கிறார்களே?

யுஎஸ்பி வெளி டிவிடி டிரைவ் இரண்டை ஒவ்வொரு நூலகத்திலும் இரவலுக்கு வையுங்கள். புது மடிக்கணினிகளில் டிரைவ் இருப்பதில்லை. டிரைவ் சுற்றில் போகக் கூடாது, கேபிள் தொலையும்.

ஒரு நூலகம் நடுவில் விலக நினைத்தால்?

சேரும்போதே எழுதிவிட வேண்டிய விஷயம் இது. தகடு எப்போதும் வாங்கிய நூலகத்தின் சொத்து, அதன் பதிவேட்டிலேயே இருக்கும், இருப்பு சரிபார்ப்பில் ‘சுற்றில், பெட்டி உ’ என்று காட்டப்படும். விலக விரும்பும் நூலகம் ஒரு முழுச் சுற்றுக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். தன் நாற்பதையும் பிப்ரவரி மாற்றத்தில் திரும்பப் பெறும், நல்ல நிலையில் இல்லாதவற்றுக்கு மாற்று, தொலைந்தவற்றுக்கு ஏற்கெனவே வந்த மாற்றுத் தகடு. பெட்டி ஐந்தாகக் குறைந்தால் மற்ற நூலகங்கள் இரண்டு மாதத்தை 73 நாளாக நீட்டிக்கொள்ளலாம், வருடம் அப்போதும் சரியாக முடியும்.